பட்டாளத்துப் பழக்கமும் மாத்திரை வரிசையும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பட்டாளத்துல இருந்தவரு, பனியில நின்னவரு. மனசு வச்சா இந்தப் பீடிய விட முடியாதாக்கும்?" வீட்டம்மா சொல்வார், மகன் சொல்வான், டீக்கடை பெஞ்சில் இருப்பவரும் சொல்வார். கேட்பதற்குப் பாராட்டு மாதிரிதான் இருக்கும். பல் மருத்துவராக முன்னாள் படைவீரர்களின் வாயைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். அவர்களைப் புகையிலையிலிருந்து வெளியே வரவிடாமல் பிடித்து வைத்திருப்பதில் இந்தப் பேச்சுக்கும் பங்கு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால், விடுவதை ஆம்பிளைத்தனத்துக்கான பரீட்சையாக அது மாற்றிவிடுகிறது. ஒருமுறை விட்டுப் பார்த்து முடியாமல் போனவர், தன் மனசில்தான் பலம் இல்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறார். வெளியே சொல்ல வெட்கம். அப்புறம் மருத்துவரிடமும் மறைக்க ஆரம்பிக்கிறார். "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு ஆத்தா" என்பார். கீழுதட்டை லேசாக இழுத்துப் பார்த்தால், பல் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் சதை வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். தினமும் அந்த இடத்தில் எதையோ வைக்கிறார் என்று அது சொல்லிவிடும். அவர் பொய்யர் இல்லை. தோற்றவராகத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் அவரிடம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதை எப்படிப் போக்கலாம் என்பதும் தெரியும். சிவகங்கைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர்கள் உண்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டிலும் பெங்களூரில் எம்.இ.ஜி. என்ற பொறியாளர் படைப்பிரிவிலும் பயிற்சி முடித்தவர்கள், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், சமையல்காரர்கள் என்று எல்லா வகையினரையும் பார்க்கலாம். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கையில் இருந்தவர்களும், 1999இல் கார்கில் பக்கம் நின்றவர்களும் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் பீடி பிடித்துப் பழகிப் போனவர்கள் கொஞ்சம் பேர். மீதிப் பேரில் நிறைய பேர், சுண்ணாம்போடு தேய்த்து உதட்டுக்குள் வைக்கும் புகையிலையான கைனியைக் கற்றுக்கொண்டது பட்டாளத்தில்தான்.

என் அப்பாவும் அப்படித்தான். இரண்டு பக்கமும் மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஒரு பக்கம் புகையிலை, மறுபக்கம் சுண்ணாம்பு. உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் தேய்த்து, தட்டித் தூசியை ஊதிவிட்டு உதட்டுக்குள் வைப்பார். பீகார்க்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்தாராம். ராத்திரி காவலில் தீக்குச்சி உரசக் கூடாது, தூரத்திலிருந்தே தெரியும். கைனிக்கு நெருப்பு வேண்டாம், புகை வராது, கையும் சும்மா இருக்கும். குளிரில் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும், பசியையும் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மொழி தெரியாத பத்துப் பேர் நடுவில் ஒரே உள்ளங்கையிலிருந்து கிள்ளி எடுத்துக்கொள்வது ஒரு சிநேகம். அப்பா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் புகையிலையைவிட அந்த பீகார்க்காரரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

படைக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு நம் நாட்டோடு நிற்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயின் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள்ளேயே சிகரெட் இருந்தது. அந்த வழக்கம் 1975 வரை தொடர்ந்தது. இருபது வயதுப் பையனுக்குச் சோற்றோடு சேர்த்துச் சிகரெட்டையும் கொடுத்துவிட்டு, அறுபது வயதில் அவனிடம் போய் "மனசு வை" என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

பட்டாளத்தை விட்டு வரும் வயதும் ஒரு விஷயம். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 வருட சேவை வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் ஊருக்கு வந்துவிடுகிறார். அதன் பிறகு என்ன வேலை? பெரும்பாலும் செக்யூரிட்டி. வங்கி ஏ.டி.எம்., கல்லூரி வாசல், ரைஸ் மில். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் காவல் இருப்பவர்களிலும் பட்டாளத்து ஆட்கள் உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முகப்பில் ஒரு நாற்காலி, ஒரு டார்ச், விடிய விடிய ஆளில்லாத தெரு. பனியில் காவல் நின்றபோது எதற்காக அந்தப் பழக்கம் வந்ததோ, அந்தக் காரணம் அப்படியே ஊர் வந்து சேர்ந்துவிடுகிறது.

இப்போது, புகையிலையில் இருந்து ஆளை அடிமையாக்கும் பொருளான நிகோட்டினைப் பற்றி. பீடிப் புகையை இழுத்தால் 10, 20 விநாடிக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்விடும். தினமும் அதை வாங்கி வாங்கி, அதைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் மூளையில் பெருகிவிடுகின்றன. விட்டவுடன் அவை காலியாகக் கிடந்து கேட்கத் தொடங்கும். எரிச்சல், தூக்கமின்மை, பசி, மலச்சிக்கல், ஒன்றிலும் மனம் நிற்காமல் அலைவது. முதல் வாரம்தான் மிக மோசம். மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ரத்த அழுத்தம் ஏறினால் "மனசு வச்சு இறக்குங்க" என்று நாம் யாருக்கும் சொல்வதில்லை. மாத்திரை கொடுக்கிறோம், அடுத்த மாதம் வரச் சொல்கிறோம். மூளையே மாறிப்போன ஒரு பழக்கத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

அதனால்தான் மருந்தகம் இருக்கும் கிளினிக்கை நான் இவ்வளவு நம்புகிறேன். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. அதன் பாலிகிளினிக்குகளுக்குச் சுகர், பிரஷர் மாத்திரை வாங்க அவர்கள் எப்படியும் வருவார்கள். காலையிலேயே பஸ் ஏறி, அட்டையையும் பழைய சீட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். புகையிலையை விடுவதற்கென்று தனியாக ஓரிடத்துக்குப் போ என்றால் போகமாட்டார்கள். ஏற்கெனவே வரும் இடத்தில், ஏற்கெனவே தெரிந்த டாக்டர், ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டால் அதற்கு ஒரு பலம் உண்டு. மூன்று நிமிடம் போதும். பிரஷர் பார்க்கும்போதே கேட்டு, சீட்டில் எழுதிவிடலாம். எழுதியிருந்தால் அடுத்த மாதம் வேறு டாக்டர் இருந்தாலும் அவரும் கேட்பார்.

கேட்கும் விதம் முக்கியம். "இன்னுமா விடலை?" என்று ஆரம்பித்தால் அன்றே கதவு சாத்திவிடும். நான் கேட்பது: "மாமா, காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் தடவை வைப்பீங்க?" இதில் குற்றச்சாட்டு இல்லாததால் உண்மையான பதில் வரும். "பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடியே" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். மருந்தை முடிவு செய்வதற்கும் இந்தக் கேள்விதான் உதவுகிறது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் பிடிப்பு அதிகம். அவருக்கு, புகையிலை இல்லாமல் நிகோட்டினை மட்டும் கொஞ்சம் கொடுத்து ஏக்கத்தை அடக்கும் 4 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம். மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் போதும். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022இல் நிகோட்டின் மாற்று மருந்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இதை எழுதிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சூயிங்கம்மைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டு "இது வேலைக்காகலை" என்று தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். மிட்டாய் மாதிரி விடாமல் மெல்லுவார்கள். நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும், மூளைக்குப் போக வேண்டியது போகாது. மெதுவாக மெல்ல வேண்டும். சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி இரண்டு மெல்லு. இப்படி அரை மணி நேரம். கைனி வைத்துப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். "ஒதுக்கி வைக்கிறது எங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே ஆத்தா!"

இதில் ஒரு ரசாயனம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கைனியில் சுண்ணாம்பு எதற்கு? சுண்ணாம்பு காரத்தன்மை உடையது; நாக்கில் சுருக்கென்று படும் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான தன்மை. வாயில் காரத்தன்மை கூடினால் நிகோட்டின் சதை வழியாகச் சீக்கிரம் ரத்தத்தில் இறங்கும். அந்தக் காலத்து ஆட்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுபிடித்து வைத்தது. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், காபி, எலுமிச்சை ஜூஸ், கலர் எல்லாம் அமிலம். அவற்றைக் குடித்துவிட்டு உடனே சூயிங்கம் போட்டால் நிகோட்டின் இறங்காது. கால் மணி நேரம் இடைவெளி விட வேண்டும், வாயில் இருக்கும்போதும் எதையும் குடிக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதி மருந்து வீண்தான். பல் செட் கட்டியவர்களுக்குச் சூயிங்கம் சரிப்படாது, தோலில் ஒட்டும் பேட்ச் இருக்கிறது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். புப்ரோபியான், வாரெனிக்ளின் என்று மாத்திரைகளும் உண்டு. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. எதுவானாலும் சுமார் 12 வாரம் தொடர வேண்டும். நாலு நாள் நன்றாக இருக்கிறதென்று நிறுத்திவிடுவதுதான் பலரும் சறுக்கும் இடம்.

பீடி, சிகரெட்டை விடுபவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். புகையில் இருக்கும் சில பொருட்கள் ஈரலைத் தூண்டி, காபியில் இருக்கும் கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே அஞ்சு டீ உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை. "பீடிய விட்டதாலதான் தூக்கம் போச்சு" என்று திரும்பவும் பற்றவைப்பார்கள். டீயைப் பாதியாக்கிப் பாருங்கள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். புகையை விட்டால் அந்த மருந்தின் அளவும் ரத்தத்தில் ஏறும், டாக்டர் அதைக் குறைக்க வேண்டியிருக்கும். கைனிக்கு இது பொருந்தாது, புகைக்கு மட்டும்தான்.

சரி, எப்போது விடச் சொல்வது? இங்கேதான் நம் ஊருக்கே உரிய ஒரு வாய்ப்பு இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறார்களே, அந்த நாள். நாற்பது வருடமாகப் பீடி பிடித்தவர், மாலை கழுத்தில் ஏறிய நிமிடத்திலிருந்து தொடமாட்டார். 41 நாளோ 48 நாளோ, ஒரு இழுப்பு கிடையாது. அய்யப்பசாமி மேல் இருக்கும் பயமும் பக்தியும் அவ்வளவு. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிப் பால்குடம் எடுப்பவர்களிடமும் இதைப் பார்க்கலாம். "என்னால விடவே முடியாது" என்று சொல்லும் அதே ஆள் வருடாவருடம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

மாலை கழற்றும்போது உடம்பு நிகோட்டினிடமிருந்து ஏறக்குறைய விடுபட்டுவிட்டது. எரிச்சல், பசி எல்லாம் மூன்றாவது நாலாவது வாரத்திலேயே போய்விட்டது. ஆனாலும் கழற்றிய அன்றே பற்றவைக்கிறார். காரணம், விரதத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. மனசு அந்தத் தேதிக்குத் தயாராகக் காத்திருந்தது. அதோடு தை பிறந்துவிடும். பொங்கலுக்கு லீவில் வந்த பழைய சகாக்கள், சிராவயல் மஞ்சுவிரட்டுக் கூட்டம், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் தீப்பெட்டி. கிளினிக்கில் இருக்கும் நாங்கள் அவரைப் பிடிக்க வேண்டிய நேரம் இந்த ஒரு வாரம். கார்த்திகைக்கு முன்பே பேசி, மாலை போடும் நாளை விடும் நாளாகச் சீட்டில் எழுதி, மாலை கழற்றும் வாரத்தில் ஒருமுறை வரச் சொல்லி, கையில் சூயிங்கம்மும் கொடுத்து அனுப்பினால், விரதம் விட்ட இடத்திலிருந்து மருத்துவம் எடுத்துக்கொள்ளலாம். இப்படித் தை மாசத்தைத் தாண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் தாண்டவில்லை. ஆனால் தாண்டியவர்கள், சாமிக்காக விட்டதாகவே இன்றும் சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போரிலோ எல்லையிலோ பார்த்ததை நம் ஆட்கள் பேசமாட்டார்கள். "ராத்திரி தூக்கம் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் தூக்கமில்லாத நேரத்தில்தான் திண்ணையில் பீடி எரியும். மனப் பாதிப்பு உள்ளவரிடம் போய்ப் புகையிலையை விடச் சொன்னால் இன்னும் உடைந்துவிடுவாரோ என்ற பயம் மருத்துவர்களிடமும் இருந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 10 மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். போர் அதிர்ச்சியால் பாதிக்கப்பட்டு, புகைப்பழக்கமும் உள்ள 943 பேர். ஒரு பாதிப் பேருக்கு, மனநலச் சிகிச்சை தருபவரே புகையை விடவும் உதவினார். மறு பாதிப் பேரைத் தனியாகப் புகை நிறுத்தும் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ஒரு வருடம் தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 4.5 சதவீதம். விட்டதால் மனப் பாதிப்பு கூடவும் இல்லை.

ஏறக்குறைய இரண்டு மடங்கு. தெரிந்த மருத்துவர், தெரிந்த அறை, அதே நாள், இவை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது போதும். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இவ்வளவு கவனிப்புக்குப் பிறகும் நூற்றுக்கு ஒன்பது பேர்தான். அப்படியானால் முதல் முயற்சியில் முடியாமல் போவதுதான் சாதாரணம். இந்த எண்ணை நான் நோயாளிகளிடமே சொல்கிறேன். ஒரு சுபேதார் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப எனக்கு மட்டுமில்லையா?" என்றார். அடுத்த மாதம் வந்தபோது, மறுபடி ஆரம்பித்துவிட்டதை அவரே வாயைத் திறந்து சொன்னார். அவர் பல வருடமாக எங்களிடம் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். அங்கிருந்துதான் அவருக்கு மருந்து தொடங்கினோம்.

விடுவதற்கு வயது தாண்டிவிட்டது என்று சொல்பவர்களுக்கு: விட்டு ஒரு வருடத்தில் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. கால்விரல் கறுத்து வலிக்கும் பியூர்கர் நோயில், வேறு எந்த வைத்தியத்தையும்விடப் புகையிலையை முற்றாக நிறுத்துவதுதான் காலைக் காப்பாற்றும். வாயில் வெள்ளைப் படலம் உள்ளவர்களுக்கு, கைனியை நிறுத்திய சில வாரங்களில் அது மங்கத் தொடங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். மங்காவிட்டால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

வீட்டு அம்மாக்களை மறந்துவிடாதீர்கள். அதே இ.சி.எச்.எஸ். திட்டத்தில் மனைவிக்கும் சிகிச்சை உண்டு. வெற்றிலையோடு போயிலை போடும் ஆத்தாமார் எத்தனையோ பேர் மாத்திரை வரிசையில் இருக்கிறார்கள். கணவரிடம் பீடியைப் பற்றிக் கேட்கும் யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. அதே புகையிலை, அதே சுண்ணாம்பு, அதே புற்றுநோய். அவர் கணவர் விடும்போது அவரும் சேர்ந்து விட்டால் வீட்டில் டப்பாவே இருக்காது.

இதைப் படிப்பவர்களில் பலர் மகனோ மகளோ மருமகளோ ஆக இருப்பீர்கள். கிளினிக் தூரம் என்றால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே அச்சடித்திருப்பார்கள். தமிழில் பேசலாம், அவர்களே திரும்ப அழைத்தும் விசாரிப்பார்கள். அடுத்த முறை அப்பாவை மாத்திரை வாங்கக் கூட்டிப் போகும்போது, "இவருகிட்ட நீங்க சொல்லுங்க டாக்டர்" என்று புகார் மாதிரி ஆரம்பிக்காதீர்கள். "அப்பா கைனியை விடுறதுக்கும் மருந்து எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். சூயிங்கம் எழுதிக் கொடுத்தால் எப்படி மெல்லுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வருடம் மாலை போடுகிறார் என்றால், அதைக் கழற்றும் வாரத்துக்கு ஒரு தேதியையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.